உண்மை விகிதத்தில் ஓர் எரிமலை

கடற்கரை உள்ள ஒவ்வொரு வட்டத்திலும் குறைந்தபட்சம் ஒரு வியப்பு இருந்தே தீர வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாயிற்று. வியப்பு ஏற்கெனவே இருக்கும் இடங்களில் அதற்கு வேலி போட வேண்டும். இல்லாத இடங்களில் உண்டாக்க வேண்டும். இந்தப் புனிதமான காரியத்துக்காகக் 'கடலோர வியப்புகள் மேம்பாட்டுப் பிரிவு' என்று ஒன்று பிறந்தது. மரக்காணத்துக்கு அதன் தனி அலுவலராக வந்து சேர்ந்தார் அருள்பிரகாசம்.

அருள்பிரகாசம் கெட்ட மனிதர் இல்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார். லஞ்சம் வாங்க மாட்டார். கோப்புகளைத் தொலைக்க மாட்டார். அவரிடம் இருந்த ஒரே கோளாறு, மேலிருந்து வரும் சொல்லை அப்படியே நம்பிவிடுவது. சுற்றறிக்கையில் 'வியப்பைக் கண்டறிக' என்று இருந்ததால், வந்த வாரமே ஜீப்பில் ஏறி வியப்பைத் தேடிப் புறப்பட்டார். கடல் இருந்தது. ஆனால் கடலோர வட்டம் என்றால் கடல் எல்லாருக்கும்தான் இருக்கும். கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளையாக உப்பளம் இருந்தது. ஆனால் அதை ஊர்க்காரர்கள் யாரும் வாயைப் பிளந்து பார்ப்பதாகத் தெரியவில்லை.

கடைசியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்களிடமே கேட்டுவிட்டார்.

"இந்தப் பக்கத்துல வியப்பா ஏதாவது இருக்குதாம்மா?"

சாலம்மாள் பலகையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். நாலைந்து பெண்கள் சேர்ந்து குத்தகைக்கு எடுத்திருந்த பாத்திகள் அவை. குழுவுக்குத் தலைவி சாலம்மாள். குழுவின் வாயும் அவளே.

"இருக்குதுங்களே. இத்தினி வருசமா இந்த வெயில்ல நிக்கிறோம். ஒதுங்க ஒரு நெழலு கெடையாது, குடிக்க நல்ல தண்ணி கெடையாது, அவசரத்துக்கு ஒரு கக்கூஸ் கெடையாது. இன்னும் உயிரோட இருக்கிறோம். இதவிட வியப்பா உங்களுக்கு என்னங்க வேணும்?"

"அது தொழிலாளர் நலன்ல வரும்மா," என்றார் அருள்பிரகாசம், உண்மையான வருத்தத்தோடு. "நான் வியப்பு மட்டுந்தான்."

அந்த வருடம் எல்லாருக்கும் செவ்வாய்ப் பைத்தியம் பிடித்திருந்தது. ஆரம்பித்து வைத்தது சென்னையிலிருந்து வந்த பூஜா என்ற பெண். மரக்காணத்தில் காய்ந்து கிடந்த ஒரு பாத்தியில் வெள்ளி நிறக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்று, படத்தைச் செக்கச்செவேலென்று மாற்றி, 'செவ்வாயில் என் முதல் காலை' என்று ரீல்ஸ் போட்டாள். லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். அவ்வளவுதான். சனி, ஞாயிறு ஆனால் ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் கார்கள் வரிசை கட்டின. சலூனில் 'மார்ஸ் கட்' வந்தது. தலையில் அங்கங்கே மூன்று பள்ளம், மற்றபடி சாதாரண கட்டிங்தான். கல்யாண பேனர்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் கண்ணாடிக் குடுவைக்குள் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். பஸ் ஸ்டாண்டு எதிரில், எரிகல் விழுந்த பள்ளம் மாதிரி நடுவே ஓட்டை போட்ட 'கிரேட்டர் பரோட்டா' விற்றது. ஓட்டைக்கும் சேர்த்துத்தான் விலை.

அருள்பிரகாசத்துக்கு வெளிச்சம் கிடைத்தது. 'கோள் பரப்புப் பூங்கா' என்று எழுதி அனுப்பினார். புதன், வெள்ளி, செவ்வாய் மூன்றும் கேட்டார். நிதி நிலையைக் கருத்தில் கொண்டு இரண்டு கோள்களை மேலிடம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைத்தது. 'தற்போதைக்கு மிகப் பெரிய எரிமலை ஒன்று போதுமானது' என்று உத்தரவு வந்தது.

எரிமலைக்கு ஆலோசகர் வேண்டுமே? கீழ்புத்துப்பட்டில் கலைமதி இருந்தாள். புதுச்சேரியில் ஒரு கல்லூரிக்கு பஸ்ஸில் போய் வருகிறவள். கோள்களின் நிலவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். கல்லூரியில் அவளுக்குக் கொடுத்திருந்ததோ, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடத்தும் சுற்றுச்சூழல் வகுப்பு. 'வெள்ளியில கந்தக அமில மேகம் இருக்குது, தரையில ஈயமே உருகிடும்' என்று சொன்னால், தூங்காத ஒரே பையன் 'இது பரீட்சைக்கு வருமா மிஸ்?' என்று கேட்பான். அப்படிப்பட்டவளின் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்று, ஒரு அதிகாரி இறங்கி எரிமலையைப் பற்றிக் கேட்டால் எப்படி இருக்கும்? அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உலகத்துலயே பெரிய எரிமலை எதுங்க?" என்று கேட்டார் அருள்பிரகாசம்.

"எந்த உலகத்துல சார்?"

இப்படி ஒரு எதிர்க்கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "எந்த உலகமா இருந்தாலும் பரவாயில்லம்மா. பெருசா இருக்கணும்."

"அப்போ செவ்வாயில இருக்கிற ஒலிம்பஸ் மோன்ஸ்தான் சார். இருபத்திரண்டு கிலோமீட்டர் ஒசரம். எவரெஸ்ட் மாதிரி ரெண்டரை மடங்கு."

"அவ்ளோ பெருசா எப்படி வளந்துச்சு?"

"பூமியில தரை தட்டுத் தட்டா நகந்துக்கிட்டே இருக்குது சார். கீழ அடுப்பு ஒரே இடத்துல எரியும், மேல இருக்கிற தட்டு நகந்து போயிடும். அதனால ஒரு எரிமலை கொஞ்ச காலம் வளந்துட்டு நின்னுடும். செவ்வாயில தட்டு அப்படி நகராது. எரிமலை ஒரே இடத்துல உக்காந்து கோடிக்கணக்கான வருஷம் கொட்டிக்கிட்டே இருந்துச்சு."

அருள்பிரகாசம் பெருமூச்சு விட்டார். பணியில் சேர்ந்ததிலிருந்து எந்த ஊரிலும் ரேஷன் கார்டு மாற்றி முடிக்குமுன் அடுத்த ஊருக்குப் போனவர் அவர். "ட்ரான்ஸ்ஃபர் இல்லாம ஒரே சீட்டுல உக்காந்திருந்தா எவனும் அந்த அளவுக்கு வளருவான்மா," என்றார். "சரி, அதையே அச்சு அசலா போட்டுருவோம்."

"உண்மை விகிதத்துலயா சார்?"

அந்தச் சொல்லில் ஒரு கம்பீரம் இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டது. மறுநாளே உத்தரவில் ஏறியது: 'உண்மை விகிதத்தில் எரிமலை – ஒன்று.'

இதில் ஒரு சிறிய சிக்கல் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒலிம்பஸ் மோன்ஸின் உயரம் இருபத்திரண்டு கிலோமீட்டர் என்றால் அகலம் அறுநூறு கிலோமீட்டர். சென்னையில் ஒரு ஓரமும் கன்னியாகுமரியில் ஒரு ஓரமுமாகக் கவிழ்த்து வைத்த தோசைக்கல் மாதிரி. பிரிவுக்குக் கிடைத்த இடமோ சாலம்மாள் பாத்திக்குப் பக்கத்தில் கைவிடப்பட்ட உப்பளம், இருநூறு அடி அகலம். கலைமதி கணக்குப் போட்டாள். உயரம் ஏழு அடி சொச்சம் வந்தது.

ஒப்பந்தக்காரர் தங்கராசு வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது? எரிமலைன்னா கூம்பு மாதிரி நிக்க வேணாமா? மேல பொகை, உள்ள செவப்பு பல்பு, ஸ்பீக்கர்ல குமுகுமுன்னு ஒரு சவுண்டு. கல்யாண மண்டபத்துல கைலாயமே போட்டவன் நானு."

"செவ்வாயில அப்படி இல்லங்க."

"செவ்வாய்க்கு யாரு போய்ப் பாத்தா?"

"மேலருந்து படம் எடுத்திருக்காங்க."

"மேலருந்து பாக்கிறவங்களுக்கா மேடம் கட்டுறோம்? வர்றவன் ரோட்டுலருந்துதான பாப்பான்?"

அந்தத் திட்டத்தில் கேட்கப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி இதுதான். ஆகவே அது கூட்டக் குறிப்பில் இடம்பெறவில்லை.

வானூர்ப் பக்கத்துச் செம்மண் லாரி லாரியாக வந்து இறங்கியது. கல்லூரி முடிந்ததும் கலைமதி ஓடி வந்துவிடுவாள். ஓரத்தைச் சுற்றி இரண்டரை அடி செங்குத்து. உச்சியில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த ஆறு பள்ளங்கள், ஆழம் ஒரு அடி. சரிவில் எரிமலைக் குழம்பு வழிந்த தடங்களைச் சேலையைச் செருகிக்கொண்டு மண்டியிட்டு விரலாலேயே இழுத்தாள். படித்த படிப்பு முதல் தடவையாகக் கையில் ஒட்டியது. அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து யாரும் பார்த்ததில்லை. வேலை முடிந்த அன்று, உச்சிப் பள்ளத்தில் ஒரு நாய் வந்து சுருண்டு படுத்துக்கொண்டது. அதைத் தவிர எரிமலையை எரிமலை என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் தரை கொஞ்சம் வீங்கியிருந்தது, அவ்வளவே.

திறப்பு விழாவுக்குப் பிரிவின் சிறப்பு ஆணையர் பிரபாகரன் சென்னையிலிருந்து வந்தார். பங்குனி வெயில். ரிப்பன் வெட்டி, சிவப்புக் கம்பளத்தில் நடந்து, குத்துவிளக்கு ஏற்றுவதற்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு மேடேறி, மைக்கைப் பிடித்தார். சுற்றிலும் பார்த்தார்.

"எரிமலை எங்கய்யா?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

"நீங்க நிக்கிறதுதான் சார்," என்றார் அருள்பிரகாசம்.

கூட்டம் கை தட்டியது. பிரபாகரன் கையைத் தட்டவில்லை.

"நான் எரிமலை மேலயா நிக்கிறேன்?"

"உச்சியிலயே சார்," என்றாள் கலைமதி பெருமையாக.

பிரபாகரன் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார். "கீழ சுடுதே?"

"வெயில் சார்."

"வெயில்தான்னு யாராவது எழுத்துல குடுப்பீங்களா?"

அருள்பிரகாசம் தங்கராசுவைப் பார்த்தார். தங்கராசு கலைமதியைப் பார்த்தார். கலைமதி சூரியனைப் பார்த்தாள். சூரியன் எதையும் எழுத்தில் கொடுப்பதில்லை.

சிறப்பு ஆணையர் மிகுந்த கண்ணியத்துடன், ஆனால் நல்ல வேகத்துடன், எரிமலையைவிட்டு இறங்கினார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எரிமலை இருக்கு. பக்கத்துலயே இத்தனை பொம்பளைங்க வேலை செய்யிறாங்க. ஒரு பாதுகாப்பு ஏற்பாடும் இல்ல. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பேப்பர்காரன் என்னைத்தான் கேப்பான்."

"சார், அது மாதிரிக்குச் செஞ்சதுதானே?" என்றார் அருள்பிரகாசம்.

"ஆர்டர்ல 'மாதிரி'ன்னு இருக்கா?"

இல்லை. 'உண்மை' என்றுதான் இருந்தது.

இப்படியாக எரிமலைத் தயார்நிலைக் கிளை தோன்றியது. நம் பக்கத்தில் எரிமலைக்கு விதிமுறை எதுவும் இல்லாததால், எங்கோ ஒரு தீவு நாட்டின் கையேட்டைத் தருவித்து வரிக்கு வரி மொழிபெயர்த்தார்கள். எரிமலைக்கு அருகில் வேலை செய்வோருக்கு நிழற்கூடம் வேண்டும், குடிநீர்த் தொட்டி வேண்டும், கழிப்பறை வேண்டும், சாம்பல் புகாத கண்ணாடி, தடித்த பூட்ஸ், கூப்பிட்டால் வரும் ஆம்புலன்ஸ் வேண்டும் என்று அதில் இருந்தது.

எல்லாம் வந்தது. தகரக் கூரை போட்ட நிழற்கூடம், உள்ளே ஃபேன். அதன் பக்கத்தில் கறுப்புத் தொட்டி, திருகினால் நல்ல தண்ணீர். நீலக் கதவு போட்ட கழிப்பறை. உப்பின் வெள்ளை கண்ணைக் குத்தும், உப்புத் தண்ணீர் பாதத்தைத் தின்னும். பத்து வருடமாகக் கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்த சாலம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாத்தியைப் பார்த்தாள். உலகம் குளிர்ந்து போயிருந்தது.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்று நம்பாமல் கேட்டாள்.

"எரிமலை வெடிச்சா நீங்க தப்பிக்கணும் இல்லையா?" என்றார் அருள்பிரகாசம்.

சாலம்மாள் அந்தச் செம்மண் மேட்டைப் பார்த்தாள். நாய் கொட்டாவி விட்டது.

"மகராசனா இருக்கட்டும்," என்று எரிமலையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

காரியங்கள் அங்கே நிற்கவில்லை. கண்ணாடியும் பூட்ஸுமாக உப்பு வாரும் பெண்களைப் பூஜா மறுபடி வந்து படம் பிடித்தாள். 'வல்கனோ லுக்' பிறந்தது. சென்னையில் நல்ல வசதியான வீட்டுப் பெண்கள் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு, கன்னத்தில் உப்புத் தடவிக்கொண்டு, ஏ.சி. ஹாலில் வளைகாப்பு நடத்தினார்கள். ஈ.சி.ஆர். ஓரத்தில் 'எரிமலை வியூ மனைகள்' விற்றன. அங்கிருந்து எரிமலை தெரியாது. ஆனால் அது வேறு எங்கிருந்தும் தெரியாதே என்பதால் யாரும் ஏமாந்ததாக நினைக்கவில்லை. எரிமலைக் குழம்பு போகும் வழியைக் காட்டும் வரைபடம் ஒன்று தயாரானது. அதில் தெற்கே பாய்ந்த அம்பு கீழ்புத்துப்பட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் புதுச்சேரி. வேறொரு அரசின் எல்லைக்குள் குழம்பு நுழைய முன் அனுமதி பெறவில்லை.

ஒரு நாள் ஒத்திகையும் நடந்தது. சைரன் அடித்ததும் ஊரே ஓடியது. நாய் மட்டும் எழுந்திருக்கவில்லை. 'உயிர்ச்சேதம்: ஒன்று (உறங்கிக்கொண்டிருந்தது)' என்று அறிக்கை போனது.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கையில், மேலிடத்தில் யாரோ ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. இந்த எரிமலை உயிரோடு இருக்கிறதா, தூங்குகிறதா, செத்துவிட்டதா? செத்த எரிமலைக்கு எதற்கு ஃபேனும் தொட்டியும்? நிபுணர் நேரில் வந்து கருத்துச் சொல்ல வேண்டும் என்று கலைமதிக்கு அழைப்பு வந்தது.

சேதி தெரிந்த மறுநாள் காலையில் சாலம்மாள் கண்ணாடியும் பூட்ஸுமாகவே கீழ்புத்துப்பட்டு பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, வெடிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அது செம்மண்ணுங்க. நான் நின்னு கொட்ட வெச்ச மண்ணு. அது எப்படிங்க வெடிக்கும்?"

"மண்ணுன்னு சொன்னா தண்ணித் தொட்டியத் தூக்கிட்டுப் போயிடுவாங்கம்மா. ரெண்டு கலெக்டரு, நாலு எலெக்சன் பாத்தும் வராத தொட்டி."

"என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"ஐயையோ, பொய் வேணாம்மா. உங்களுக்குத் தெரிஞ்ச உண்மையிலயே, கொஞ்சம் வெடிக்கிற மாதிரி இருக்கிற உண்மையா பாத்து எடுத்து வுடுங்க."

பஸ் வந்தது. கலைமதி ஏறிவிட்டாள். ஆனால் அன்று வகுப்பில் அவளுக்குப் பாடம் ஓடவில்லை. அவளே அந்தத் தொட்டியில் தண்ணீர் குடித்திருக்கிறாள். அதற்கு முன்னால் அந்த மேட்டில் வேலை செய்த நாட்களில் நாக்கு ஒட்டிப்போனதும் ஞாபகம் இருந்தது. அப்போது அவளாவது பையில் பாட்டில் வைத்திருந்தாள்.

விசாரணைக் கூட்டத்தில் பிரபாகரனே நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க டாக்டர். இந்த எரிமலை செத்துப்போச்சா?"

"இது எந்த எரிமலையோட விகிதமோ, அந்த ஒலிம்பஸ் மோன்ஸ் செத்துடுச்சுன்னு யாரும் அடிச்சுச் சொல்லல சார். அதுல சில இடத்துல குழம்பு வழிஞ்சு சில பத்து லட்சம் வருஷந்தான் ஆகுதுன்னு கணக்கு இருக்கு. எரிமலைக்கு அது நேத்து நடந்த மாதிரி."

"ஓஹோ."

"வெள்ளிக் கோள்லயும் இதே கதைதான் சார். அங்க இப்போ எரிமலை எதுவும் உயிரோட இருக்குதான்னே தெரியாம இருந்துச்சு. அப்புறம் பழைய ரேடார் படங்களை எடுத்து வெச்சு ஒப்பிட்டுப் பாத்தாங்க. சில மாச இடைவெளியில ஒரு எரிமலையோட வாய் பெருசாகியிருந்துச்சு. படம் எடுத்து முப்பது வருஷம் யாரும் அதைக் கவனிக்கல."

"முப்பது வருஷமா ஃபைலைத் திறக்கலையா?" பிரபாகரனின் முகத்தில் முதல் தடவையாக விஞ்ஞானத்தின் மேல் மரியாதை வந்தது. "அங்கயும் நம்ம ஆளுங்கதான் போலிருக்கு. சரி, இது எப்போ வெடிக்கும்?"

"அந்த மாதிரி எரிமலைங்க இன்னும் பத்து லட்சம் வருஷம் சும்மா இருக்கலாம் சார். சொல்ல முடியாது."

"அதுவரைக்கும்?"

"எரிமலைன்னா கண்காணிச்சுக்கிட்டே இருக்கணும் சார்."

பத்து லட்சம் வருடம் என்ற சொல் மேசையைச் சுற்றி மெதுவாக நகர்ந்தது. கிளையில் தற்காலிகமாக வேலை பார்த்த டைப்பிஸ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்து லட்சம் வருடத்துக்கு இந்தச் சீட்டை யாரும் அசைக்க முடியாது என்று அருள்பிரகாசத்துக்கு மெல்ல உறைத்தது. அவருக்குள்ளேயே ஏதோ வளரத் தொடங்கியது. கிளை அன்றே நிரந்தரமாக்கப்பட்டது.

திரும்பும் பஸ்ஸில் கலைமதி தான் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்துப் பார்த்தாள். எதிலும் பொய் இல்லை. ஆனாலும் மறுபடி முதலிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

நிரந்தரமான பிறகு அடையாள அட்டையும், எரிமலையைக் கண்காணிப்பதற்குத் தினப்படியும் வந்தன. சாலம்மாள் 'எரிமலை அபாய மண்டல உறுப்பினர்' ஆனாள். கழுத்தில் அட்டையோடு அவள் நிழற்கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மதியம், அடுத்த பாத்தியில் வேலை செய்யும் சின்னப்பாப்பா குடத்தோடு வந்தாள்.

"அக்கா, ஒரு கொடம் தண்ணி புடிச்சுக்கிறேன்."

"உன் பாத்தி மண்டலத்துக்கு வெளிய இருக்குதே சின்னப்பாப்பா."

"நடுவுல ஒரு வரப்புதானக்கா?"

"வரப்புக்கு அந்தாண்ட கொழம்பு வராதுன்னு மேப்புல போட்டிருக்கான். எங்களுக்கு அபாயம் இருக்குது, நாங்க குடிக்கிறோம். உனக்கு இன்னா அபாயம் இருக்குது, சொல்லு?"

சின்னப்பாப்பா வெறும் குடத்தை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டாள். போன வருடம் வரை இதே சாலம்மாளும் அவளும் ஒரே பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தவர்கள்.

"அபாயந்தான வேணும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

மறுநாள் அவள் பாத்தியில் யாரும் உப்பு வாரவில்லை. கடல் தண்ணீர் வரும் வாய்க்காலை அடைத்துவிட்டு மண்ணைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். தங்கராசு லாரி அனுப்பினார். மேடு எழும்பியதும் சின்னப்பாப்பா கூட்டத்தோடு கலைமதி வீட்டுக்கு வந்தாள்.

"டீச்சரு, இதுக்கு ஒரு பேரு வெச்சுக் குடு."

"முடியாதுங்க. போதும்."

"பேரு வேணாம், ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. செவ்வாயில எரிமலை ஒண்ணே ஒண்ணுதான் இருக்குதா?"

கலைமதிக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதுதான் வந்த வினை. "இல்லங்க. பக்கத்துலயே வரிசையா இன்னும் மூணு பெருசா இருக்குது. ஆர்சியா, பாவோனிஸ், அஸ்க்ரேயஸ்."

சாயங்காலத்துக்குள் அந்த மூன்றும் வாட்ஸ்அப்பில் போய் மூன்று குழுக்களால் முன்பதிவு செய்யப்பட்டன. நாலாவது குழு வந்து வெள்ளியில் எத்தனை என்று கேட்டது. "ஆயிரக்கணக்குல இருக்குது," என்று அவள் வாய் தவறி, ஆனால் முற்றிலும் சரியாக, சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு யாராலும் தடுக்க முடியவில்லை. பாத்தி பாத்தியாக உப்பளம் எழும்பியது. ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு கூரை, ஒரு தொட்டி, ஒரு நீலக் கதவு, தினப்படி வாங்கும் உறுப்பினர்கள். எக்கியார்குப்பத்து மீனவர்கள் கடலுக்குள் ஒன்று வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். அது பரிசீலனையில் இருக்கிறது. 'இலக்கை மிஞ்சிய வியப்பு' என்று அருள்பிரகாசத்துக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது.

அடுத்த பருவம் வந்தபோது மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளிக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. நிழல், தண்ணீர், கண்ணாடி, பூட்ஸ், ஆம்புலன்ஸ் எல்லாம். உப்பளம் மட்டும் இல்லை. எல்லாரும் கூரையின் கீழே உட்கார்ந்து, எதிரே உள்ள மேடு வெடிக்கிறதா என்று கண்காணித்தார்கள். கடைகளில் இருந்த உப்பு மெல்லக் குறைந்து ஒரு நாள் தீர்ந்தும் போனது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லார் வீட்டிலும் குழம்பு சப்பென்று இருந்ததால் யாரும் யார் சமையலையும் குறை சொல்லவில்லை. குடும்பங்களில் சண்டை குறைந்ததாகக்கூடச் சொன்னார்கள்.

ஆனால் பூஜா போன்றவர்களுக்கு ஒரு குறை இருந்தது. எங்கு திரும்பினாலும் சிவப்பு. படத்துக்குப் பின்னால் கொஞ்சம் வெள்ளை இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று எழுதிப் போட்டார்கள். அருள்பிரகாசம் கலைமதியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, செவ்வாயில உப்பு இருக்குதா?"

"இருக்குது சார். தண்ணி காஞ்சுபோன பழைய பள்ளங்கள்ல உப்புப் படிவு நெறைய இருக்குது."

"அப்போ உப்பளம் ஒண்ணு போட்டுருவோம்."

"சார், இங்க நெஜமாவே..."

"உண்மை விகிதத்துலதாம்மா போடப் போறோம்," என்று அவளைச் சமாதானப்படுத்தினார். உப்புக்குத் தூத்துக்குடியில் ஆர்டர் கொடுக்கப்பட்டது. காட்சிக்குப் பாதி, ஊர்க் கடைகளுக்குப் பாதி.

லாரியை ஓட்டி வந்தவர் முருகையன். வருடா வருடம் இதே மரக்காணத்தில் வந்து உப்பு ஏற்றிக்கொண்டு போனவர். இப்போதுதான் முதல் தடவையாக இறக்க வருகிறார். வழி நெடுக டீக்கடைக்காரர்கள், 'மரக்காணத்துக்கா உப்பு கொண்டு போறே?' என்று கேட்டுச் சிரித்ததில் ஏற்கெனவே கடுப்பாகியிருந்தார். ஈ.சி.ஆர். ஓரமாக லாரியை நிறுத்தி இறங்கினார்.

அன்று ஆய்வுக்கு வந்திருந்த பிரபாகரன் அங்கே நின்றார். பக்கத்தில் அருள்பிரகாசம் சான்றிதழ் வாங்கிய முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். தங்கராசு அடுத்த மேட்டுக்கு அளந்துகொண்டிருந்தார். கலைமதி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வரப்பின் இந்தப் பக்கம் சாலம்மாள், அந்தப் பக்கம் சின்னப்பாப்பா. சுற்றிலும் கண்ணாடியும் பூட்ஸும் கழுத்தில் அட்டையுமாக ஊரே நின்றது.

முருகையன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். கடல் இருக்கும் பக்கம் பார்த்தார். வரிசை வரிசையாகச் செம்மண் மேடுகளைப் பார்த்தார். கடைசியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"இன்னாய்யா ஆச்சு இங்க? அள்ள அள்ள வந்துக்கிட்டிருந்த உப்பை மண்ணு போட்டு மூடிட்டு, தூத்துக்குடியிலருந்து வரவெக்கிறீங்களா?" பிறகு சாலை அதிரும்படி கத்தினார்: "நீங்கள்லாம் சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறீங்களா?"

சிறப்பு ஆணையர் தனி அலுவலரைப் பார்த்தார். தனி அலுவலர் ஒப்பந்தக்காரரைப் பார்த்தார். கேள்வி எந்தப் பிரிவுக்கு வரும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

சாலம்மாள்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இல்லப்பா," என்றாள். "பத்து நாளா கடையில ஸ்டாக் இல்ல. சீக்கிரம் மூட்டைய எறக்கு."